எஸ்தர் எழுதிய விளையாட்டு

போன மாதம் ஒரு வியாழக்கிழமை. காலை பத்து மணி தாண்டியும் எஸ்தர் வேலைக்கு வரவில்லை.

இதில் என்ன பெரிய செய்தி என்கிறீர்களா? திருப்பூரில் ஆள் வராமல் இருப்பது செய்தியே இல்லைதான். சம்பளம் போட்ட மறுநாள் பாதி மெஷின் சும்மா கிடக்கும். பக்கத்து கம்பெனியில் கொஞ்சம் கூடக் கொடுத்தால் சொல்லாமல் கொள்ளாமல் அங்கே போய் உட்கார்ந்துவிடுவார்கள். ஆனால் எஸ்தர் அப்படிப்பட்டவள் இல்லை. எங்கள் பனியன் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து அவள்தான் ஆபரேட்டர். மழையோ, பஸ் ஸ்டிரைக்கோ, நேரத்துக்கு வந்துவிடுவாள். வர முடியாவிட்டால் போன் வரும்.

அன்றைக்கு போனும் வரவில்லை.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். கேஸை மூடினேனா என்று பாதி வழியில் மொபெட்டைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போகிற ரகம் நான். கணவர் வர அரை மணி நேரம் தாமதமானால் ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன் என்று மனசுக்குள்ளேயே ஒரு சுற்று போய்விட்டு வந்துவிடுவேன். இதை வைத்து நீங்கள் என்னைக் கேலி செய்து எழுதுகிற கடிதங்களை எல்லாம் நானும் ரசித்துத்தான் படிக்கிறேன். இந்த வாரம் மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

இன்னொன்று. எஸ்தர் என்பது அவளுடைய உண்மைப் பெயர் இல்லை. ஆனால் அவளே தேர்ந்தெடுத்துக் கொடுத்த பெயர். எழுதியதை அவளிடம் காட்டி, அவள் அடிக்கச் சொன்ன இரண்டு வரிகளை அடித்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

முதலில் அந்தக் கம்ப்யூட்டர் அறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கம்பெனி முதலிபாளையத்தில் இருக்கிறது. கம்பெனி என்றதும் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். நீளமாக ஒரு ஷெட், அவ்வளவுதான். ஒரு பக்கம் கட்டிங் டேபிள், நடுவில் தையல் மெஷின்கள், கடைசியில் செக்கிங்கும் பேக்கிங்கும். எங்கே பார்த்தாலும் பஞ்சு. வெட்டும்போது பறக்கும், தைக்கும்போது பறக்கும். தலையில், புருவத்தில், டீ டம்ளரில்... சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது எல்லோருக்கும் ஒரே நாளில் நரைத்த மாதிரி இருக்கும்.

கம்ப்யூட்டரை விற்றவர் ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "தூசு மட்டும் ஆகாதுங்க. பஞ்சு உள்ள போச்சுன்னா மெஷின் போச்சுங்க."

போதாதா? என் கணவர் ஷெட்டின் மூலையில் கண்ணாடி வைத்து ஒரு அறை கட்டினார். ஏசி போட்டார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆபரேட்டரைத் தவிர யாரும் உள்ளே நிற்கக் கூடாது. கதவு எப்போதும் சாத்தியே இருக்க வேண்டும்—அது கொஞ்சம் திறந்திருந்தால்கூட அவருக்கு முகம் சிவந்துவிடும். எங்கள் இரண்டு பேருக்கே தனி அறை கிடையாது. கதவு போட்ட ஒரே அறை கம்ப்யூட்டருக்குத்தான்.

அதற்குள் எஸ்தர். காலையில் போனால் சாயங்காலம்தான் வெளியே வருவாள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். மற்ற எல்லோரும் வேர்த்து வழியும்போது அவள் மட்டும் ஏசியில். 'ஏசி மகாராணி' என்று பின்னால் பேர். தையல் பெண்களுக்கும் அவளுக்கும் ஏறக்குறைய ஒரே வயசுதான், ஆனாலும் 'மேடமுங்க' என்றுதான் கூப்பிடுவார்கள். மத்தியானம் அவர்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருத்தி குழம்பை ஒருத்தி பிடுங்கிச் சாப்பிடுகிறபோது, மேடத்தைக் கூப்பிட யாருக்கும் வாய் வராது. அவள் கண்ணாடிக்குள்ளேயே டிபன் பாக்ஸைத் திறப்பாள். பஞ்சு விழாமல் சாப்பிடக் கொடுத்துவைத்தவள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நானும்தான்.

சீசன் இல்லாத மாதங்களில் அந்த அறைக்கு இன்னொரு உபயோகம் வந்தது. கேம்ஸ்! யாரோ ஒரு ஃபிளாப்பியில் கொண்டுவந்து கொடுத்தார்கள். மேலே இருந்து செங்கல் விழும், கீழே அடுக்க வேண்டும். எங்கள் நூல் புரோக்கர் பஷீர் பாய் இருக்கிறாரே, நூல் விலை சொல்ல வருகிற மனுஷர் செங்கல் அடுக்க உட்கார்ந்துவிடுவார். தாடியைத் தடவிக்கொண்டே, "இந்த ஒண்ணு மட்டும் விழுந்துரட்டுங்க்கா" என்பார். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்ததையே மறந்து வெறுங்காலோடு ரோடு வரைக்கும் போன நாளும் உண்டு.

ஒரு நாள் எஸ்தர், "நானும் ஒரு கேம் எழுதியிருக்கேன். விளையாடிப் பாக்கீங்களா?" என்று எல்லோரையும் கேட்டாள். ஆங்கில எழுத்தில் தமிழ். கறுப்புத் திரையில் வெறும் எழுத்துதான் வரும், நாமும் பதிலுக்கு எழுத்தில் அடிக்க வேண்டும். படம் இல்லை, சத்தம் இல்லை. நான் ஷிப்மென்ட் அவசரத்தில் 'அப்புறம் பார்க்கிறேன்' என்றேன். பஷீர் பாய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் எழுந்து வந்துவிட்டார்.

"இதுல சுடறதே இல்லீங்களேக்கா. யாரப் பாத்தாலும் சாப்டாச்சான்னு கேக்குது. ஆச்சுங்கன்னு அடிச்சா, புரியலைங்குது. அப்பறம் அந்தப் புள்ள 'ங்க' போடாம அடிங்கன்னுச்சு. ஆச்சுன்னு அடிச்சா... சரின்னுட்டுப் போயிருது. அவ்வளவுதானுங்க கேமே!"

எல்லோரும் சிரித்தோம். எஸ்தரும் சிரித்தாள். மறுநாளே நம் ஊர்க்காரர்களுக்காக 'ஆச்சுங்க' என்பதையும் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

மத்தியானம் லாரி தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டும். பேக்கிங் லிஸ்ட் இல்லாமல் ஒரு பெட்டிகூட நகராது. அவசரத்துக்கு எப்படி பிரிண்ட் எடுப்பது என்று எஸ்தர் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் உட்கார்ந்தேன். லிஸ்டைக் கண்டுபிடித்தேன். பிரிண்டர் கிரீச்... கிரீச்... என்று அடித்து முடித்தது. எழுந்திருக்க வேண்டியதுதான்.

அப்போதுதான் திரையில் இருந்த ஃபைல் பெயர்களின் வரிசையில் 'அறை' என்று ஒன்றைப் பார்த்தேன். இதுதான் அவள் எழுதிய கேம் போலிருக்கிறது, அப்புறம் பார்க்கிறேன் என்று சொன்னோமே என்று திறந்தேன்.

"நீ ஒரு அறையில் இருக்கிறாய். கதவு சாத்தியிருக்கிறது. பக்கத்து வீட்டில் ரேடியோ பாடுகிறது. என்ன செய்கிறாய்?"

வெளியே போ என்று அடித்தேன். தெரு வந்தது. எதிரே வீட்டுக்காரம்மா. "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டார். ஆச்சுங்க என்று அடித்தேன். "நல்லது என்று சொல்லிவிட்டுப் போகிறார்" என்று வந்தது.

பஸ் ஸ்டாப்பில் ஒருத்தர். சாப்பிட்டாச்சா? ஆச்சுங்க. கம்பெனி வாசலில் வாட்ச்மேன். சாப்பிட்டாச்சா? ஆச்சுங்க. எல்லோரும் நல்லவர்கள். எல்லோரும் கேட்கிறார்கள். எல்லோரும் போய்விடுகிறார்கள்.

அப்புறம் இந்த வரி வந்தது. "ஒரு அக்கா வருகிறார். கையில் சாம்பிள் பீஸ். ஒரு கால் கதவுக்கு உள்ளே, ஒரு கால் வெளியே. சாப்பிட்டாச்சா என்கிறார்."

எனக்கு முகத்தில் சுரீர் என்றது. செருப்பைக் கழற்றச் சோம்பல்பட்டுக்கொண்டு ஒரு காலை வெளியிலேயே வைத்து எட்டிப் பார்க்கிற அக்கா எங்கள் கம்பெனியில் ஒருத்திதான். தினமும் கேட்கிறேன். தினமும் "ஆச்சுக்கா" என்கிறாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் செக்கிங் டேபிளுக்குப் போயிருப்பேன்.

சாயங்காலம் ஆனது. அறைக்குத் திரும்பினேன். "அறை கொஞ்சம் சின்னதாகியிருக்கிறது" என்றது திரை. மறுநாள். அதே தெரு, அதே கேள்வி, அதே பதில். திரும்பி வந்தால் அறை இன்னும் கொஞ்சம் சின்னது. அலமாரி போய்விட்டது. ஜன்னல் போய்விட்டது. நான் என்னென்னவோ அடித்துப் பார்த்தேன். கதவைத் தட்டு, சத்தம் போடு, ஊருக்குப் போ... எல்லாவற்றுக்கும் "புரியவில்லை" என்றே வந்தது. கடைசியில்—

"இனி காலை நீட்ட இடமில்லை. விளக்கை அணைக்கவா?"

அதற்குக் கீழே கர்சர் மட்டும் மினுக் மினுக் என்று.

கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

கதைகளில் எத்தனையோ பேர் அழுது பார்த்திருக்கிறோம். நாமும் கொஞ்சம் அழுதுவிட்டு, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, அரிசி களையப் போய்விடுவோம். அது அவர்கள் பாடு. இது அப்படி இல்லை. அந்தத் தெருவில் நடந்தது நான். ஒவ்வொருத்தருக்கும் 'ஆச்சுங்க' என்று பதில் சொன்னது என் விரல். கேம் என்றால் ஜெயிக்க வேண்டும், தோற்க வேண்டும், பொழுது போக வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருத்தியின் தனிமைக்குள் என்னை உட்கார வைத்துக் கதவைச் சாத்த ஒரு கேமால் முடியும் என்று யார் கண்டது?

அவள் இன்றைக்கு வரவில்லை என்பது அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது.

எஸ்தருக்கு போன் கிடையாது. பி.பி. நம்பர்தான்—அவள் குடியிருக்கிற லைன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மளிகைக் கடை. கடை அண்ணாச்சி எடுத்தார். அவரும் தெற்கத்திக்காரர்.

"அந்தப் பிள்ளையா? காலைலருந்து வெளிய வரலியே. கதவு சாத்தித்தான் கெடக்கு."

"வெளியில பூட்டு போட்டிருக்குதுங்களா?"

"இல்லம்மா. பூட்டைக் காணோம். உள்ளதான் இருக்கும்."

"கொஞ்சம் தட்டிப் பாருங்களேன்... லைன்லயே இருக்கேன்."

போய்விட்டு வந்தார். "தட்டுனேம்மா. சத்தம் ஒண்ணையும் காணோம். அசந்து தூங்குதோ என்னமோ" என்றார்.

எனக்கு அதற்கு மேல் உட்கார முடியவில்லை. கட்டிங் டேபிளில் நின்றிருந்த என் கணவரிடம் போய் மூச்சு வாங்கச் சொன்னேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "காச்சலா இருக்கும் அம்மிணி. ஒரு நாளு லீவு போட்டதுக்கு ஊரையே கூட்டறியே. லாரி வேற நிக்குது."

"ஏனுங்க, அந்தக் கேமைப் பாத்தீங்கன்னா இப்படிப் பேச மாட்டீங்க."

"கேமா? வெளையாட்டைப் பாத்துட்டா இந்தப் பயம்?"

அவர் மேல் தப்பில்லை. நான் எத்தனை தடவை புலி வருது என்று கத்தியவள்! கவலைப்படுகிறவளுக்கு இதுதான் பெரிய கஷ்டம். உண்மையான பயம் வரும்போதும் அது பழைய பயத்தின் குரலிலேயேதான் வருகிறது. எனக்கே சந்தேகம். இதுவும் கேஸ் அடுப்புக் கதைதானா? போய்க் கதவை இடித்து, அந்தப் பெண் தூக்கக் கலக்கத்தில் எழுந்து வந்து 'என்னக்கா?' என்றால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

பஷீர் பாய் அங்கேதான் நூல் சாம்பிளோடு உட்கார்ந்திருந்தார். அவர்தான் சொன்னார். "போய்ப் பாத்துட்டு வந்துருங்க்கா. ஒண்ணும் இல்லைன்னா நல்லதுதானுங்களே. நான் வேணா கூட வரட்டுங்களா?"

"நீங்க இங்கயே இருங்க பாய். அந்த மெஷினை மட்டும் யாரும் தொடாம பாத்துக்குங்க. யாரும் எதையும் அமுக்கிறக் கூடாது."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். திரையில் அந்தக் கேள்வி அப்படியே நின்றிருந்தது. யாராவது தெரியாமல் 'ஆம்' என்று அடித்துவிட்டால்... பைத்தியக்காரத்தனம்தான். பயம் என்ன எனக்குக் கணக்கு வாத்தியாரா, சரியாகக் கணக்குப் போட?

மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தாராபுரம் ரோட்டில் அன்றைக்கென்று எல்லா லாரியும் எனக்கு முன்னாலேயே போனது. துணி மூட்டை ஏற்றிய டெம்போ ஒன்று வழியை விடவே இல்லை. ஹாரன் அடித்து அடித்து என் கட்டை விரல் மரத்துவிட்டது. வழியெல்லாம் எஸ்தரைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று யோசித்துக்கொண்டே போனேன். வேகமாக டைப் அடிப்பாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவாள். அறையில் கூட இருந்த பெண்ணுக்குக் கல்யாணமாகிப் போய்விட்டது. அப்புறம்? அப்புறம் ஒன்றும் தெரியவில்லை. தினமும் பார்க்கிற பெண். நடுவில் ஒரு வேகத்தடை வந்ததைக்கூடப் பார்க்கவில்லை.

லைன் வீடு. வரிசையாகக் கதவுகள். பக்கத்து வீட்டில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது—அதைக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. கதவைத் தட்டினேன். பதில் இல்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டேன். இன்னும் பலமாகத் தட்டினேன். அண்ணாச்சி கடையிலிருந்து இறங்கி வந்து கொஞ்ச தூரத்தில் நின்றார். 'உடைச்சிரலாமாம்மா?' என்று கையால் கேட்டார்.

உள்ளே தாழ்ப்பாள் நகர்கிற சத்தம்.

கதவு ஒரு கை அகலம் திறந்தது. எஸ்தர். தலை கலைந்திருந்தது. காய்ச்சல் மாதிரி தெரியவில்லை. முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நான் என்ன கேட்டேன் தெரியுமா? இத்தனை தூரம் பதறியடித்துக்கொண்டு வந்தவள், வாயைத் திறந்ததும்...

"சாப்டியா கண்ணு?"

"ஆச்சுக்கா" என்றாள்.

மரியாதைக்கு அவளும் கேட்டாள். "நீங்க?"

"ஆச்சு" என்றேன்.

மணி மத்தியானம் ஆகியிருந்தது. காலையில் குடித்த காபியைத் தவிர என் வயிற்றில் ஒன்றும் இல்லை. எதற்காக அந்தப் பொய்? யாருக்கு என்ன லாபம்? நம் பக்கத்தில் யார் கேட்டாலும் 'ஆச்சுங்க'தான். இல்லை என்றால் கேட்டவர் சங்கடப்படுவார், உடனே சோறு போட வேண்டும், அவர் வேலை கெடும். அடுத்தவரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று பசியை விழுங்குகிறோம். பசியோடு சேர்த்து இன்னும் என்னென்னவோ விழுங்குகிறோம்.

"இல்ல எஸ்தர்" என்றேன். "நான் சாப்பிடல. காலைல இருந்து ஒண்ணும் எறங்கல. எனக்குப் பயமா இருக்குது. உன்ற கேமை வெளையாடிட்டு நேரா இங்கதான் வர்றேன்."

அவள் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். "எதுவரைக்கும் போனீங்க?"

"வெளக்கை அணைக்கவான்னு கேக்கற வரைக்கும்."

"என்ன அடிச்சீங்க?"

"ஒண்ணும் அடிக்கல. அப்படியே விட்டுட்டு ஓடி வந்துட்டேன்."

"அப்ப இன்னும் எரிஞ்சிக்கிட்டுதான் இருக்கும்" என்றாள். கதவை முழுசாகத் திறந்து, நான் உள்ளே வர ஒதுங்கி நின்றாள்.

நான் பாயில் உட்கார்ந்தேன். செருப்பை எப்போது கழற்றினேன் என்றே ஞாபகம் இல்லை. சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. கேட்டே விட்டேன். "உயிரை விட்டுரலாம்னு தோணுதா கண்ணு?"

இப்படிக் கேட்கக் கூடாது, கேட்டால் இல்லாத நினைப்பு வந்துவிடும் என்று நானும் நினைத்திருந்தவள்தான். அவள் முகத்தில் வந்தது அதிர்ச்சி இல்லை. யாரோ தலையிலிருந்து சுமையை இறக்கிவைத்த மாதிரி ஒரு மூச்சு விட்டாள்.

"சாவணும்னு இல்லக்கா. இருக்கணும்னு தோணல. ரெண்டும் ஒண்ணா, வேறயான்னு எனக்குத் தெரியல."

"எத்தனை நாளா?"

"ரொம்ப நாளா இருக்குக்கா. இன்னைக்குக் காலைல எந்திரிக்கவே முடியல. கடைக்காரவுக கதவைத் தட்டுனது கேட்டுச்சு. எந்திரிச்சு வந்து என்ன சொல்ல? நல்லா இருக்கேன்னு சொல்லணும். அதுக்குத் தெம்பு இல்ல."

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினாள். ஊரில் தெருவில் போனால் யாராவது 'ஏட்டி, எங்க போற?' என்று அதட்டுவார்களாம். எரிச்சலாக வருமாம். இங்கே வந்த பிறகு யாரும் ஏட்டி என்று கூப்பிட்டதில்லை. "எல்லாரும் மரியாதையாத்தாங்க்கா பேசுதாவ. குறையே சொல்ல முடியாது. ஆனா வாங்க போங்கன்னுட்டுத் தள்ளியே நிக்காவ. கண்ணாடி வழியா பாத்தா எல்லாரும் வாயசைக்கது மட்டும் தெரியும். நான் உள்ள இருக்கனா, இல்லையான்னே சில நேரம் எனக்குச் சந்தேகமா இருக்கும்."

"இதையெல்லாம் எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேம்லா. கேம்ல."

அப்புறம் கேட்டேன். "யாராவது ஆச்சுங்கறதுக்குப் பதிலா 'இல்லை'ன்னு அடிச்சிருந்தா என்ன வந்திருக்கும்?"

"தெரியாதுக்கா. அந்த எடத்தை நான் எழுதவே இல்ல. யாராவது அடிச்சா அவுககூட உக்காந்து எழுதலாம்னு காலியா விட்டேன். ஒருத்தரும் அடிக்கல."

இதைக் கேட்டு நான் அழுதேன். அவள் அழவில்லை. எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். ஆறுதல் சொல்லப் போனவளின் லட்சணம் இது!

அண்ணாச்சி வாசலில் தயங்கித் தயங்கி நின்றார். கையில் பன்னும், கிளாஸில் டீயும். ஒன்றும் கேட்கவில்லை. வைத்துவிட்டுப் போனார். இரண்டு பேரும் சாப்பிட்டோம். அவள் பாதிதான் சாப்பிட்டாள். அன்று அவளைத் தனியாக விட எனக்கு மனசில்லை. எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை, வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பையில் இரண்டு துணியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டாள்.

அடுத்த கவலை—எந்த டாக்டர்? காய்ச்சலுக்கு ஊசி போடத் தெருவுக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். மனசுக்கு? வெளியே விசாரித்தால் 'யாருக்குங்க, என்னாச்சுங்க' என்று கேட்பார்கள். ஒரு கல்யாணம் ஆகாத பெண்ணைப் பற்றி ஊர் என்ன பேசும் என்று உங்களுக்குத் தெரியாதா? இந்தப் பயம் எனக்கு மட்டும் இல்லை, அவளுக்கும் இருந்தது. டாக்டர் என்றதுமே முகம் வெளுத்துவிட்டது.

மறுநாள் பஷீர் பாய், நான் சொல்லாமலே விஷயத்தைப் புரிந்துகொண்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கோயமுத்தூரில் ஒரு டாக்டர் பெயரைச் சொன்னார்.

"எங்க வூட்டுல மூணாவது பிரசவத்துக்கு அப்பறம் ரொம்பக் கஷ்டப்பட்டாங்க. கொழந்தையவே பாக்க மாட்டேன்னுட்டாங்க. அந்த டாக்டர்தானுங்க சரி பண்ணுனாரு. நாங்க யாருகிட்டயும் சொல்லல. கண்ணு டாக்டர்கிட்டப் போறோம்னுதான் அத்தனை நாளும் சொல்லிட்டுப் போனோம்."

எத்தனை வருஷமாகத் தெரிந்த மனுஷர்! செங்கல் அடுக்குகிறபோது பக்கத்தில் நின்று சிரித்திருக்கிறேன். அவர் வீட்டில் இப்படி ஒன்று நடந்தது எனக்கு ஒரு துளிகூடத் தெரியாது. 'எழுதிக்குங்க்கா, பேரை மட்டும் மாத்திருங்க' என்று அவரும் சொல்லிவிட்டார்.

எஸ்தரை அவரே நேரில் பார்த்துச் சொன்னார். "எங்க வூட்டம்மாவும் கூட வர்றேன்னுருக்காங்க கண்ணு. மருந்து சாப்பிட்டா கொஞ்ச நாளுக்குத் தூக்கமாத்தான் இருக்கும். பயந்துக்காதே." 'ங்க' போடாத அந்தக் கடைசி வார்த்தையில்தான் அவள் சரி என்றாள் என்று நினைக்கிறேன். சனிக்கிழமை நாங்கள் மூன்று பெண்களும் கோயமுத்தூர் பஸ் ஏறினோம். கண்டக்டர் எங்கே போகிறீர்கள் என்று கேட்டதும் நான் பதறிப்போய் "கண்ணு டாக்டர்கிட்டங்க" என்றேன். அவர் கேட்டது டிக்கெட்டுக்காக. பஷீர் பாயின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எஸ்தரும் லேசாகச் சிரித்தாள்.

டாக்டர் நிறைய நேரம் பேசினார். இதுவும் ஒரு வியாதிதான், சோம்பலோ பலவீனமோ இல்லை என்றார். மருந்து கொடுத்தார். தொடர்ந்து வரச் சொன்னார். தனியாக இருக்க வேண்டாம் என்றார். கொஞ்ச நாள் எங்கள் வீட்டில் இருந்தாள், இப்போது லைன் வீட்டில் ஒரு தையல் பெண் அவளோடு தங்குகிறாள்.

அப்புறம் கம்பெனியில் ஒரு சண்டை. கம்ப்யூட்டரைக் கண்ணாடி அறையிலிருந்து எடுத்து செக்கிங் டேபிள் பக்கத்தில் போட வேண்டும் என்றேன். என் கணவர் துள்ளிக் குதித்தார்.

"பஞ்சு போயி மெஷின் கெட்டுப்போச்சுன்னா?"

"மெஷினு கெட்டா சர்வீஸுக்கு ஆள் வருவாங்க. அந்தப் புள்ளைக்கு?"

கொஞ்ச நேரம் கழித்து அவரே போய் மெஷினை மூட பாலிதீன் கவர் வாங்கி வந்தார். நல்ல மனுஷர்தான், கொஞ்சம் லேட்டாகத்தான் வருவார்.

இத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று முடிக்க எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. செக்கிங் பெண்களின் சத்தத்தில் தலை வலிக்கிறது, பாதி நாளாவது அந்தக் கண்ணாடி அறை வேண்டும் என்று எஸ்தரே கேட்டு மெஷினைத் திரும்ப உள்ளே வைக்கச் சொல்லிவிட்டாள். இப்போது மத்தியானம் வரை கதவு சாத்தியிருக்கும், அப்புறம் திறந்திருக்கும். சில நாள் நன்றாகப் பேசுகிறாள். சில நாள் டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போகிறாள். நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பார்க்கப் பார்க்கப் பயமாகத்தான் இருக்கிறது. அவள் பத்து நிமிஷம் தாமதமாக வந்தால் இப்போதும் வாசலுக்கும் போனுக்கும் நடக்கிறேன். இந்தப் பயம் இனி என்னை விட்டுப் போகும் என்று தோன்றவில்லை. போக வேண்டாம் என்றும் தோன்றுகிறது.

இந்த வாரம் செவ்வாய்க்கிழமை காலை அவள் வந்தாள். கண்ணாடி அறைக்குள் போகும் முன் செக்கிங் டேபிளில் பையை வைத்தாள். செக்கிங் பெண்கள் எல்லோரும் இருந்தார்கள். நான் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "இன்னைக்கு எப்படி இருக்குது எஸ்தர்?" என்று கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். எல்லோரும் கேட்கும்படியாகவே சொன்னாள்.

"நல்லா இல்லக்கா."

ஒருத்தி இப்படிச் சொன்னதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை!